கிழக்காசியக் கடற்கொள்ளையர் அணிக்கு எந்தக் கப்பலை வாங்குவது?

கேள்வி: நானும் தம்பியும் 28 மி.மீ. மினியேச்சர் பொம்மைகளை வைத்து வீட்டில் வார்கேம் என்ற போர் விளையாட்டு ஆடுகிறோம். கரீபியக் கடற்கொள்ளையர் அணி கையில் இருக்கிறது. அடுத்ததாகக் கிழக்காசியக் கடற்கொள்ளையர் அணி சேர்க்க ஆசை. ஆனால் கடைகளில் ஜங்க் என்ற சீனப் பாய்மரக் கப்பல், ஜப்பானியக் கப்பல், கொரிய ஆமைக் கப்பல் எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் விற்கிறார்கள். வரலாற்றோடு பொருந்த வேண்டும், செலவும் எல்லை மீறக் கூடாது. எதை வாங்கலாம்?

பதில்: ஆமைக் கப்பலை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். 1592-இல் படையெடுத்து வந்த ஜப்பானியரை எதிர்த்துக் கொரியத் தளபதி யி சுன்-சின் களமிறக்கிய அரசுக் கடற்படைக் கப்பல் அது. பார்க்க அழகுதான். ஆனால் கொள்ளையர் அணியில் அதற்கு இடமில்லை.

மற்றவற்றில் எது என்பது, எந்தக் கடல், எந்த ஆண்டு என்று நீங்கள் முடிவு செய்வதைப் பொறுத்தது. 1570-களின் ஜப்பானிய உள்கடல் என்றால் முராகாமி குலத்தார். அவர்களிடம் இருந்தவை செகிபுனே என்ற நடுத்தரக் கப்பலும் கோபயா என்ற சிறு துடுப்புப் படகும். 1576-இல் ஒசாகாவுக்கு அருகே கிசு ஆற்று முகத்தில், மண்சட்டிகளில் வெடிமருந்தை அடைத்து வீசி, ஜப்பானியப் போர்த்தலைவர் நொபுனாகாவின் கப்பல்களை எரித்தவர்கள் இவர்கள். சாமுராய் பொம்மைகள் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் இதுவே சிக்கனமான வழி. கொடியில் வட்டத்துக்குள் ‘மேல்’ என்று பொருள்படும் ஒற்றை எழுத்தை வரைந்தால் போதும். 1550-களின் ‘ஜப்பானியக் கொள்ளையர்’ அணியும் அமைக்கலாம். பெயர்தான் அப்படி, ஆட்களில் பெரும்பகுதி சீனர்கள். ஜப்பானின் ஹிராடோவில் தங்கி அவர்களை வழிநடத்திய வாங் ஜீயே சீன வணிகர்தான். எனவே சீன ஜங்கையும் ஜப்பானிய வாள்வீரனையும் அங்கே கூச்சமில்லாமல் ஒரே மேசையில் நிறுத்தலாம்.

இருந்தாலும் உங்களுக்கு நான் சொல்வது 1809-ஆம் ஆண்டின் தென்சீனக் குவாங்டோங் கரையைத்தான். கொள்ளையர் தலைவர் ஜெங் யீ 1807-இல் இறந்த பிறகு, சிங் ஷி என்று உலகம் அறிந்த அவர் மனைவியும் ஜாங் பாவோவும் செங்கொடி அணியை நடத்திய காலம். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை, நீலம், மஞ்சள் என்று கொடி நிறத்தாலேயே அணிகள் பிரிந்திருந்தன. கொடித் துணியை மாற்றினால் அதே ஜங்க் வேறு அணியாகிவிடும். கறுப்புக்கொடித் தலைவர் குவோ போடாய் அந்த ஆண்டு முடிவில் ஜாங் பாவோவோடு மோதி, பிறகு அரசிடம் சரணடைந்தார். நீங்களும் தம்பியும் ஆளுக்கொரு கொள்ளையர் அணியை எடுத்து ஆட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இன்னொரு காரணம், அந்தக் கப்பல்களுக்குள் நடந்ததை நேரில் பார்த்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் அதிகாரி ரிச்சர்ட் கிளாஸ்பூல், 1809 செப்டம்பரில் பிடிபட்டு டிசம்பர் வரை கைதியாக இருந்தார். நான்கடிச் சதுர இடத்தில் ஒவ்வொருவரும் மனைவி மக்களோடு குடியிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். சண்டையின்போது கொள்ளையர் தலைவரின் மனைவி கிளாஸ்பூல்மேல் பூண்டுத் தண்ணீர் தெளித்தாராம், குண்டு படாமலிருக்க. எனவே ஜங்கின் மேல்தளத்தில் பெண் பொம்மைகளும் சமையல் சட்டியும் கோழிக்கூடும் இருக்கட்டும். அவரை விடுவிக்கக் கொடுத்த பிணையில் வெள்ளி டாலரோடு இரண்டு பேல் துணி, இரண்டு பெட்டி அபின், இரண்டு பீப்பாய் வெடிமருந்து, ஒரு தொலைநோக்கி. ஆட்டத்தில் கைப்பற்ற வேண்டிய பொருள்களை நீங்கள் தேடவே வேண்டாம்.

இனி அளவு. 80 அடி நீளம், 18 அடி அகலம் கொண்ட ஜங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 28 மி.மீ. பொம்மைகளுக்கு வழக்கமான 1/56 ஸ்கேலில் அது ஏறக்குறைய 43 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். 25 மி.மீ. வட்டத்தட்டில் நிற்கும் மூன்று பேர் தோளோடு தோள் நிற்கலாம். இப்படி ஒன்றுதான் உங்கள் மேசை தாங்கும், மிஞ்சினால் இரண்டு. பெரிய கடற்படைப் போர்தான் வேண்டுமென்றால் 1/1200-க்கு இறங்குங்கள். இதே ஜங்க் 2 செ.மீ. ஆகிவிடும், ஐம்பது கப்பல்கள் ஒரு பெட்டியில் அடங்கும். ஆனால் பூண்டுத் தண்ணீரெல்லாம் அங்கே தெரியாது.

வாங்கும்போது நீர்மட்டத்தோடு வெட்டிய அடிப்பகுதி, கழற்றி மாட்டும் பாய்மரம், இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பாய்மரம் நிலையாக ஒட்டியிருந்தால் நடுத்தளத்துப் பொம்மையை நகர்த்தக் கை நுழையாது. முன்னால் டிராகன் தலை வைத்து விற்பதைத் தவிர்த்துவிடுங்கள். லேசரால் வெட்டிய எம்டிஎஃப் (அழுத்திய மரத்தூள் பலகை) ஜங்க் போதும், ரெசினில் வார்த்ததைவிட மலிவு.

பாயை மட்டும் கடையில் வாங்காதீர்கள். தமிழில் படுக்கும் பாய்க்கும் கப்பல் பாய்க்கும் ஒரே சொல். தென்சீன ஜங்குகளில் பல உண்மையிலேயே பின்னிய பாயைத்தான் விரித்து ஓடின. ஆகவே வெள்ளையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். வெயிலில் பழுத்த கோரைப்பாயின் நிறம் வர வேண்டும். மெல்லிய பருத்தித் துணியில் நீர் கலந்த பசை தடவிக் காயவைத்து, குறுக்கே மூங்கில் சட்டங்களுக்குப் பதிலாகத் தென்னந்துடைப்பத்தின் ஈர்க்கை வெட்டி ஒட்டுங்கள். இரண்டு ஈர்க்குகளுக்கு நடுவே துணி லேசாகத் தொய்ந்தால் இன்னும் நல்லது. பாயின் ஒரு சிறு பகுதி மரத்துக்கு முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு மரத்தின் ஓரத்திலேயே ஒட்டிவிடுகிறார்கள். மரத்துக்கு எண்ணெய் பூசிய பழுப்பு. பிடிபட்ட வணிகக் கப்பல் என்று காட்ட வேண்டுமானால் முன்முகத்துக்கு மட்டும் நிறம் கொடுங்கள். அப்போது சீனாவை ஆண்ட ச்சிங் அரசின் விதிப்படி குவாங்டோங் கப்பலுக்குச் சிவப்பு, ஃபூஜியன் கப்பலுக்குப் பச்சை.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானோர் பணத்தைப் பெரிய ஜங்கில் கொட்டிவிட்டுப் படகுகளை மறந்துவிடுகிறார்கள். கொள்ளையரின் கைகள் துடுப்புப் படகுகள்தாம். ஆற்றுக்குள் நுழைந்து ஊர்களைச் சூறையாடியது, காற்றில்லாமல் நின்ற கப்பலைச் சுற்றி வளைத்தது எல்லாம் அவற்றால்தான். 1809 நவம்பரில் லாண்டாவ் தீவின் துங் சுங் விரிகுடாவில், இன்றைய ஹாங்காங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், அரசின் 93 போர் ஜங்குகளும் போர்த்துகீசியக் கப்பல்களும் செங்கொடியினரை அடைத்துப்போட்டன. அரசு தரப்பு தீப்படகுகளை ஏவியது. கொள்ளையர் அவற்றைக் கரைக்கு இழுத்துச் சென்று, தீயை அணைத்து, உடைத்து விறகாக்கிக்கொண்டார்கள். படகில்லாத அணியால் இந்த ஆட்டத்தை ஆடவே முடியாது.

உங்கள் கரீபிய அணியின் பெரிய கப்பலைப் போர்த்துகீசியக் கப்பலாக இறக்க வேண்டாம். நூறாண்டு பழைய உடல் அது, பார்த்ததும் உறுத்தும். அதன் துடுப்புப் படகைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், கிளாஸ்பூல் பிடிபட்ட படகாக. சீனப் படகுகள் இரண்டை முதலில் வாங்கி, பெயின்ட் அடித்து, கரையோர ஊர் ஒன்றைக் கொள்ளையிடும் ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். ஜங்க் அடுத்த மாதம் வரட்டும்.