சிங்கப்பூரில் பட்டாசுக்கே தடை இருக்கும்போது, வாணவேடிக்கைச் சத்தத்துக்கும் கட்டுப்பாடு வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். அந்தத் தடை சத்தத்துக்காக வந்ததில்லை. 1970 சீனப் புத்தாண்டின்போது பட்டாசால் 6 பேர் இறந்தார்கள்; 1972இல் முழுத் தடை வந்தது. தீபாவளிக்கு நம் பிள்ளைகள் கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்வது அதனால்தான். அனுமதியோடு நடக்கும் பெரிய வாணவேடிக்கை வேறு கதை. புத்தாண்டு இரவில் மட்டுமில்லை, தேசிய தின ஒத்திகைகளிலும் வெடிக்கிறார்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உண்டு. வாணவேடிக்கை நடக்கும் மரினா பேயிலிருந்து எங்கள் வீடு 2 கிலோமீட்டர் இருக்கும். ஒரு வருஷம் ஒத்திகை இருப்பது எங்களுக்குத் தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முதல் வெடிக்கே தட்டைத் தள்ளிவிட்டு ஓடிக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டான். எல்லாம் அடங்கி ஒரு மணி நேரமாகியும் காதிலிருந்து விரலை எடுக்கவில்லை. இப்போது நாளையும் நேரத்தையும் காலண்டரில் எழுதி, காலையிலிருந்தே சொல்லி வைக்கிறோம். காதுக்கவசம் மாட்டிக்கொண்டு சன்னலோரம் நிற்பான். வானத்தில் வெளிச்சம் தெரிந்ததும் எண்ண ஆரம்பிப்பான். ஆறு எண்ணும்போது சத்தம் வரும். 2 கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது. எப்போது வரும் என்று தெரிந்தால் அவனால் தாங்கிக்கொள்ள முடிகிறது. அதனால் சுற்றுவட்டார புளோக்குகளில் மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் நாளும் நேரமும் ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

சரி, எங்கள் பூனைக்கு யார் சொல்வது? துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் ஒடுங்கினால், மறுநாள் மதியம்வரை சாப்பாட்டைத் தொடாது. 2024 செப்டம்பரிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு, இப்படி ஒடுங்கும் பூனை எங்கள் வீட்டில் மட்டும் இருக்காது. பூனைக்காகவா இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் கொல்லுகுடிப்பட்டியைச் சொல்வேன். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய ஊர் அது. கூடு கட்ட வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று பல வருஷமாக அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

முன்கூட்டியே சொல்லிப் புரியவைக்க முடியாத உயிர்களுக்குச் சத்தத்தையே குறைப்பதுதான் வழி. அதற்காக வாணவேடிக்கையை நிறுத்த வேண்டியதில்லை. சிவப்பு நிறம் ஸ்ட்ரான்ஷியம் என்ற உலோகத்திலிருந்தும் பச்சை பேரியம் என்ற உலோகத்திலிருந்தும் வருகிறது. நிறத்துக்கும் இடி முழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. முழக்கத்துக்கென்றே சேர்க்கும் வெடிகள் தனியாக இருக்கின்றன. அனுமதி கொடுக்கும்போதே அவற்றை விலக்கச் சொல்லலாம். முதலில் ஒத்திகைகளிலாவது தொடங்கட்டும்.