புதினாவை இடிக்காதீர்கள், அழுத்தினால் போதும்

கேள்வி: நண்பர்கள் வந்திருந்தபோது ரம், எலுமிச்சை, புதினா, சோடா சேரும் மொஹிட்டோ காக்டெய்லை வீட்டிலேயே செய்தேன். புதினாவை நிறையப் போட்டு நன்றாக இடித்துத்தான் கலந்தேன். ஆனால் கசக்கிறது. பச்சைத் தூள் ஸ்ட்ராவை அடைக்கிறது. சர்க்கரை அடியில் மணல்போலத் தங்கிவிட்டது. சோடாவும் சுறுசுறுப்பே இல்லை. எங்கே தவறு செய்தேன்?

பதில்: "நன்றாக இடித்து" என்று எழுதியிருக்கிறீர்களே, கசப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

புதினாவின் வாசனை இலைக்கு உள்ளே இல்லை. மேல்தோலில், கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. ஓர் இலையை விரலால் லேசாகத் தடவி முகர்ந்து பாருங்கள். இலை கிழிந்திருக்காது, விரல் மட்டும் மணக்கும். பைகள் உடைய அவ்வளவு அழுத்தமே போதும். அதற்கு மேல் இடித்தால் உள்ளே இருக்கும் பச்சைச் சாறு வெளியேறி, கசப்பும் துவர்ப்புமாகப் பானத்தில் இறங்கும். சிதைந்த இலை காற்றுப் பட்டுச் சீக்கிரம் கறுத்தும் போகும். தூளாகிவிட்ட இலையை வடிகட்டினாலும் கசப்பு போகாது.

எந்தப் புதினா என்பதும் முக்கியம். மொஹிட்டோ பிறந்த கியூபாவில் இதற்குப் போடுவது யெர்பா புவேனா என்ற மென்மையான வகை. ஸ்பியர்மின்ட் அதற்கு நெருக்கமாக வரும். பெப்பர்மின்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். அதில் மென்தால் அதிகம் என்பதால் நாக்கைக் குளிரவைத்து ரம்மின் சுவையை அமுக்கிவிடும்.

அளவுக்கு, சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் குறிப்பையே பின்பற்றலாம். ஒரு கிளாஸுக்கு வெள்ளை ரம் 45 மில்லி, அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 20 மில்லி, சர்க்கரை 2 டீஸ்பூன், புதினா 6 கொத்து, மேலே சோடா. வீட்டில் முதல் தடவை செய்யும்போது இதை மாற்றாதீர்கள். ருசி பார்த்த பிறகு, புளிப்பையோ இனிப்பையோ உங்கள் நாக்குக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கலாம்.

சர்க்கரை ஏன் கரையவில்லை தெரியுமா? ஆல்கஹாலில் சர்க்கரை சரியாகக் கரையாது. குளிர்ச்சியிலும் கரைய நேரமெடுக்கும். ரம்மும் ஐஸும் விழுந்த பிறகு எவ்வளவு கலக்கினாலும் அடியில்தான் கிடக்கும். அதனால் முதலில் எலுமிச்சைச் சாற்றையும் சர்க்கரையையும் கிளாஸில் போட்டு, மணல் சத்தம் நிற்கும்வரை கலக்குங்கள். பிறகு புதினாவைப் போட்டு, மரக்கரண்டியின் பிடியால் நான்கைந்து தடவை அழுத்தி, கொஞ்சம் திருப்பிவிடுங்கள். இலை முழுசாக இருக்க வேண்டும், வாசனை மட்டும் மேலே வர வேண்டும். அதற்கப்புறம்தான் ரம், ஐஸ், சோடா.

எனக்குப் பிடித்தது பாகு முறை. சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் எடுத்து, கரையும்வரை சூடாக்கி ஆறவைத்தால் போதும். 2 டீஸ்பூன் சர்க்கரைக்குப் பதில் 15 மில்லி பாகு சரியாக இருக்கும். சுத்தமான பாட்டிலில், ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

சோடா சோர்ந்துபோனதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் சூடுதான். குளிர்ந்த தண்ணீரில்தான் வாயு நன்றாகத் தங்கும். பாட்டிலை முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வைத்து, கடைசி நிமிடத்தில் திறந்து, கிளாஸின் ஓரமாக ஊற்றுங்கள். நீளமான கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை தூக்கிவிட்டால் கலந்துவிடும். கடகடவென்று கலக்கினால் இருக்கிற வாயுவும் போய்விடும். உடைத்த ஐஸ் சட்டென்று குளிர்விக்கும், ஆனால் சீக்கிரம் உருகும். பேசிக்கொண்டே மெதுவாகக் குடிப்பவர்களுக்குப் பெரிய கட்டிகளே நல்லது.

மேலே சொருகும் கொத்தை அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டி, ஸ்ட்ராவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஸ்ட்ரா குட்டையாக இருந்தால் மூக்கு இலைக்கு அருகில் வரும். ஒவ்வொரு வாய்க்கும் அந்த மணம் சேர்ந்தே வரும்.

பலருக்குச் செய்வதானால், ரம், எலுமிச்சைச் சாறு, பாகு மூன்றையும் ஒரு ஜாடியில் கலந்து குளிரவையுங்கள். புதினாவும் சோடாவும் அந்தந்த கிளாஸில் அப்போதைக்கப்போது சேரட்டும். வேறு மூலிகை வேண்டுமென்றால் பேசில் இலையையும் இதே மென்மையோடு கையாளுங்கள். ரோஸ்மேரி, தைம் போன்ற கெட்டி இலைகள் இந்த அழுத்தத்துக்கு மசியாது. சூடான பாகில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டினால் மணம் முழுவதும் பாகில் இறங்கிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 40 சதவீத ரம்மில் 45 மில்லி என்றால் அதில் 18 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. இனிப்பும் புளிப்பும் அதை மறைத்துவிடுவதால் இரண்டாவது கிளாஸ் தெரியாமலே காலியாகும். கண்ணளவில் ஊற்றாமல் அளந்தே ஊற்றுங்கள். குடித்தவர் வண்டி எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. குடிக்காத நண்பர்களுக்கு ரம்மை விட்டுவிட்டு, சர்க்கரையைச் சற்றுக் குறைத்து, சோடாவைக் கூட்டிக் கொடுங்கள். புதினாவை ஒழுங்காக அழுத்தியிருந்தால் அதுவும் அருமையாகவே இருக்கும்.

மிச்சமான புதினாவை ஈரத்தோடு மூடி வைத்தால் கறுத்துவிடும். இலையை உலரவிட்டு, காம்பு மட்டும் தண்ணீரில் நிற்கும்படி ஒரு டம்ளரில் வைத்து, மேலே பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சில நாள் வாடாமல் இருக்கும்.