கேள்வி பதில்: கோப்பின் பெயரை நம்பாதீர்கள்

கேள்வி: பழைய கணினி ஒன்றைக் கிளறியபோது இருநூறுக்கும் மேற்பட்ட சிஸ்எக்ஸ் கோப்புகள் (சின்தசைசரின் ஒலி அமைப்புகளை மிடி வழியே கடத்தும் தரவு) கிடைத்தன. 'பேங்க்1', 'நியூ', 'பெஸ்ட் பியானோ' என்று பெயர்கள். எது எந்த சின்தசைசருக்கு என்று எப்படிப் பிரிப்பது? என்னிடம் இருப்பது யமஹா டிஎக்ஸ்7 மட்டும்.

பதில்: பெயர்களை முதலில் மறந்துவிடுங்கள். என்னிடமும் ஒரு 'பெஸ்ட் பியானோ' இருக்கிறது. திறந்தால் 32 வாய்ஸும் (கருவியில் சேமித்த ஒலிகள்) பிராஸ். ஹெக்ஸ் எடிட்டர் (பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாக, அதாவது ஹெக்ஸாகக் காட்டும் மென்பொருள்) ஒன்றில் கோப்பைத் திறந்து முதல் ஆறு பைட்டைப் பாருங்கள். முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

சிஸ்எக்ஸ் செய்தி எதுவானாலும் எஃப்0 என்ற பைட்டில் தொடங்கி எஃப்7-இல் முடியும். இடையில் வரும் எதுவும் 7எஃப்-ஐத் தாண்டக் கூடாது. எஃப்0-க்கு அடுத்து நிற்பது தயாரிப்பாளரின் எண்: 40 கவாய், 41 ரோலண்ட், 42 கோர்க், 43 யமஹா, 44 கேசியோ. 01 என்றால் சீக்வென்ஷியல், 10 என்றால் ஓபர்ஹைம். 43 இல்லாத கோப்புகளை எல்லாம் வேறு ஃபோல்டருக்குத் தள்ளிவிடுங்கள். உங்களுக்கு இப்போது அவை தேவையில்லை.

மிச்சத்தில்தான் கவனம் வேண்டும். டிஎக்ஸ்7-இன் 32 வாய்ஸ் கொண்ட பேங்க் இப்படித் தொடங்கும்: எஃப்0 43 00 09 20 00. மூன்றாவது பைட் சானலைச் சொல்கிறது, 00 என்றால் சானல் 1. நான்காவதாக வரும் 09-தான் '32 வாய்ஸ்' என்ற அடையாளம். 20 00 என்பது அளவு. ஹெக்ஸில் 20 என்றால் சாதாரண எண்ணில் 32; ஏழு பிட் கணக்கில் 32 முறை 128, அதாவது 4096. தலைப்பு 6, வாய்ஸ் 4096, செக்சம் (சரிபார்ப்பு எண்) 1, எஃப்7 ஒன்று. ஆக மொத்தம் 4104 பைட்.

'அப்படியானால் 4104 பைட் இருந்தாலே டிஎக்ஸ்7 கோப்புதானே?' என்று கேட்பீர்கள். இல்லை. டிஎக்ஸ்21, டிஎக்ஸ்100, டீஎக்ஸ்81இசட் (TX81Z) ஆகிய, நான்கு ஆபரேட்டர் (ஒலியை உருவாக்கும் அலகு) கொண்ட கருவிகளின் பேங்கும் சொல்லி வைத்தாற்போல 4104 பைட்தான். அவற்றில் நான்காவது பைட் 09 அல்ல, 04. அந்த ஒரு பைட்டைப் பார்க்காமல் அளவை மட்டும் பார்த்துப் பிரித்தால் எல்லாம் கலந்துவிடும்.

இன்னும் சந்தேகமா? எடிட்டரின் வலப்பக்கம் எழுத்துகள் தெரியும் பத்தியைப் பாருங்கள். ஒரு வாய்ஸுக்கு 128 பைட்; டிஎக்ஸ்7-இல் அதன் கடைசிப் பத்து பைட்தான் பெயர். 128 பைட்டுக்கு ஒருமுறை பத்தெழுத்துப் பெயர் வரிசையாக வந்தால் கோப்பு நல்ல நிலையில் இருக்கிறது. பாதி வழியில் பெயர்கள் ஓர் எழுத்து தள்ளிப்போய்த் தெரிந்தால், அந்த இடத்தில் ஒரு பைட் விழுந்துவிட்டது அல்லது கூடிவிட்டது.

கேள்வி: செக்சம் தவறு என்று மென்பொருள் சொல்கிறது. ஆனால் வாய்ஸ் பெயர்கள் எல்லாம் ஒழுங்காகத் தெரிகின்றன. கோப்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். செக்சம் என்பது வெறும் கூட்டல் கணக்கு. ரோலண்ட் கருவிகளை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் ஜிஎஸ் ரீசெட் செய்தியை எடுத்துக்கொள்வோம், குட்டியானது: எஃப்0 41 10 42 12 40 00 7எஃப் 00 41 எஃப்7. கூட்ட வேண்டியது முகவரியையும் தரவையும் மட்டும், அதாவது 40 00 7எஃப் 00. சாதாரண எண்ணில் 64-உம் 127-உம் சேர்ந்து 191. 128-ஐக் கழித்தால் 63. அந்த 63-ஐ 128-இலிருந்து கழித்தால் 65, ஹெக்ஸில் 41. எஃப்7-க்கு முந்தைய பைட்டும் 41. சரியாக இருக்கிறது. (முன்னால் வரும் 41 ரோலண்டின் எண், இது செக்சம். இரண்டும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.)

டிஎக்ஸ்7-க்கும் இதே கணக்குதான், 4096 வாய்ஸ் பைட்டையும் கூட்ட வேண்டும், அவ்வளவே. தலைப்பைச் சேர்க்கக் கூடாது.

வெறும் கூட்டல் என்பதால் இரண்டு பைட் இடம் மாறினாலும் செக்சத்துக்குத் தெரியாது. அதேபோல, யாரோ ஒருவர் வாய்ஸ் பெயரை மட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் மாற்றிவிட்டு செக்சத்தைத் திருத்தாமல் விட்டிருந்தால், நல்ல கோப்பும் தவறாகத் தெரியும். அதனால் முதலில் நீளத்தைப் பாருங்கள், பிறகு நடுவில் 80-ஐத் தொடும் பைட் இருக்கிறதா என்று தேடுங்கள், பெயர்களின் வரிசையைப் பாருங்கள். மூன்றும் சரியானால் செக்சத்தைப் புதிதாகக் கணக்கிட்டு எழுதலாம். மூன்றில் ஒன்று இடித்தாலும் எழுதாதீர்கள். செக்சத்தைத் திருத்தினால் கருவி வாயை மூடிக்கொள்ளும், உள்ளே கெட்டது கெட்டதுதான்.

கோப்பு சரியாக 4096 பைட் இருந்தால் அது தலைப்பும் வாலும் இல்லாத வெறும் வாய்ஸ் தரவாக இருக்கலாம். முன்னால் அந்த ஆறு பைட்டையும் பின்னால் செக்சத்தையும் எஃப்7-ஐயும் சேர்த்தால் பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஒரு கோப்பு 70 43 என்று தொடங்கி 77-இல் முடிகிறது. இது எந்தக் கருவி?

பதில்: யமஹாதான். எட்டாவது பிட்டை வெட்டும் வழியில் எப்போதோ பயணித்த கோப்பு. எஃப்0-இன் எட்டாவது பிட் போனால் 70, எஃப்7-இன் பிட் போனால் 77. இதில் ஒரு நல்ல விஷயம்: நடுவில் இருக்கும் பைட் எதற்கும் எட்டாவது பிட் முதலிலிருந்தே கிடையாது. ஆகவே சேதம் முதலிலும் கடைசியிலும் மட்டும். இரண்டையும் கையால் திருத்திவிட்டு செக்சத்தைச் சரிபாருங்கள். இப்படி ஒரு கோப்பைப் பிழைக்க வைத்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

கேள்வி: மிட் என்ற நீட்டிப்புள்ள கோப்பின் பெயரை எஸ்ஒய்எக்ஸ் என்று மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. மிடி கோப்பு 4டி 54 68 64 என்று தொடங்கும். அதனுள் சிஸ்எக்ஸ் இருந்தாலும் எஃப்0-க்குப் பின் நீளத்தைச் சொல்லும் பைட்டுகள் நுழைந்திருக்கும். டிஎக்ஸ்7 பேங்க் என்றால் எஃப்0 ஏ0 07 43 00 09 என்று தெரியும். அந்த ஏ0 07-ஐ நீக்கி, எஃப்0 முதல் எஃப்7 வரை தனியே வெட்டி எடுக்க வேண்டும்.

கேள்வி: ரோலண்ட் டி-50 கோப்பு 36048 பைட் இருக்கிறது. இதில் எஃப்0 நிறைய வருகிறதே, கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, அதுதான் சரியான அளவு. டி-50 தன் நினைவகத்தை 256 பைட் துண்டுகளாக, 136 செய்திகளாக அனுப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி செக்சம்.

கேள்வி: கோப்பு சரியாக இருக்கிறது. டிஎக்ஸ்7-க்கு அனுப்பினால் எதுவும் நடப்பதில்லை.

பதில்: மெமரி ப்ரொடெக்டை அணைத்தீர்களா? ஃபங்ஷன் பகுதியில் 'சிஸ் இன்ஃபோ அவெய்ல்' என்று வைத்தீர்களா? சானல் 1-தானா? இந்த மூன்றும் சரி என்றால் இன்டர்ஃபேஸைச் சந்தேகப்படுங்கள். மிடி நொடிக்கு 3125 பைட்தான் கடத்தும், எனவே ஒரு பேங்குக்கு 1.3 நொடி ஆகும். நீளமான சிஸ்எக்ஸைத் தாங்காமல் நடுவில் துப்பிவிடும் யூஎஸ்பி கேபிள்கள் உண்டு.

ஆனால் அனுப்பும் முன் ஒரு வேலை. 32 வாய்ஸும் ஒரே வீச்சில் மாறிவிடும், 'முந்தையதைத் திருப்பிக் கொடு' என்று கேட்க முடியாது. பல மாதம் உட்கார்ந்து செதுக்கிய என் சொந்த வாய்ஸ்களை, 'சும்மா கேட்டுப் பார்ப்போம்' என்று அனுப்பிய ஒரு பேங்கில் நான் இழந்திருக்கிறேன். அந்தக் கோப்பு, நீங்கள் யூகித்ததுதான், 'பெஸ்ட் பியானோ'. முதலில் கருவியில் இருப்பதைக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வந்த கோப்பு 4104 பைட் இருக்கிறதா, செக்சம் சரியா என்று பார்த்த பிறகு புதியதை அனுப்புங்கள்.