காட்டோரத்துக்கு எந்த அலை? ரான்சீவர் (அலையை அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி) பற்றி நாலு கேள்வி

ஒட்டுசுட்டானில் இருந்து: அண்ணை, 28 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வந்தால் எங்கட காட்டோரத்துக்கும் வேகமான இணையம் வருமோ?

அதை நம்பி இருக்க வேண்டாம், தம்பி. 700 மெகாஹெர்ட்ஸோடு பார்த்தால் அதன் அதிர்வெண் 40 மடங்கு. இரு பக்கமும் ஒற்றை அன்ரனா என்றால், அதே தூரத்தில் வந்து சேரும் வலு 1600இல் ஒரு பங்கு. மிச்சத்தைப் பாலை மரத்து இலையும் மாரி மழையும் குடித்துவிடும். ஆனால் அலைநீளம் 1 செ.மீ. அளவுதான், அதனால் 2 செ.மீ. சதுரத்துக்குள் 16 அன்ரனா அடங்கும். ஒவ்வொன்றுக்கும் அலையைக் கொஞ்சம் முன்பின்னாக அனுப்பினால் டோர்ச் வெளிச்சம் மாதிரி ஒரு பக்கம் குவியும். நகரச் சந்திக்கு அது நல்லது. வீடுகள் ஐதான வன்னிக்கு 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே நல்ல ரான்சீவர்தான் வேணும். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

மாங்குளத்தில் இருந்து: சிக்னல் குறைஞ்ச இடத்தில போன் ஏன் சுடுகுது?

தூரத்து டவருக்குக் கேட்க வேண்டி, போனின் வலுப்பெருக்கி முழு மூச்சாக வேலை செய்கிறது. இன்றைய சிக்னலில் தகவலைப் பங்கிட்டுச் சுமக்கும் நூற்றுக்கணக்கான துணையலைகள் சேர்ந்து போகும். இடைக்கிடை பல ஒன்றாக உச்சத்துக்கு வரும். அந்தக் கணத்துக்காகப் பெருக்கியைப் பெரிதாக வைக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் மின்சாரம் சூடாகிப் போகும். கோயில் அன்னதானத்துக் கிடாரத்தில் இரண்டு பேருக்குக் கஞ்சி காய்ச்சுவது போல. அதனால்தான் 4ஜியில் போன் அனுப்பும் பக்கத்துக்கு உச்சம் குறைந்த வடிவத்தைத் தேர்ந்தார்கள். டவர்களிலோ 1936இல் வில்லியம் டோஹெர்ட்டி பெல் ஆய்வுகூடத்தில் கண்ட வழி இன்றும் நிற்கிறது: ஒரு பெருக்கி எப்போதும் ஓடும், மற்றது உச்சம் வரும்போது மட்டும் கைகொடுக்கும். நாளைய டவருக்கும் இந்தச் சுற்றைப் படிக்காமல் முடியாது.

இரணைமடுவுக்குக் கீழே வயல் செய்யிற ஒருவர்: வாய்க்கால் தண்ணி மட்டத்தை வீட்டில இருந்து பார்க்க என்ன பூட்டலாம்?

லோரா பூட்டுங்கோ, ஐயா. குறைந்த மின்சாரத்தில் சிறு தகவலைத் தூரத்துக்கு அனுப்பும் ரேடியோ முறை அது. இரைச்சலின் நூறில் ஒரு பங்காய்த் தேய்ந்த சிக்னலையும் அது பிரித்தெடுக்கும். அப்போது வேகம் நொடிக்குச் சில நூறு பிற்தான், தண்ணி மட்டத்துக்கு அது போதும். மணிக்கொருக்கால் எழும்பி அனுப்பிவிட்டு உறங்க விட்டால் பற்றரி நெடுநாள் நிற்கும். அன்ரனாவை நெற்பயிருக்கு மேலே, கம்பில் உயர்த்துங்கோ.

அறிவியல் நகர் பொறியியல் பீட மாணவி: கையில காசு குறைவு. எங்க தொடங்கலாம், அண்ணை?

ஆர்டிஎல் டொங்கிள் ஒன்று வாங்குங்கள், தங்கச்சி. கணினியில் செருகினால் ரேடியோ அலைகளைத் திரையில் காட்டும் சின்ன வாங்கி அது. கேட்க மட்டுந்தான். அனுப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அன்ரனாவைக் கழற்றிவிட்டு 115.2 மெகாஹெர்ட்ஸைப் பாருங்கள். அங்கே ஒரு கோடு நிற்கும். வெளியில் இருந்து வந்ததல்ல: உள்ளே துடிக்கும் 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண்ணின் நாலு மடங்கு. அதை எப்படி அடக்கலாம் என்று தேடத் தொடங்குங்கள்.