அந்த வரியை எழுதியது நான்தான்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 28. பங்சார் சவுத்தில் ஒரு செயலி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நேரலையும் அரட்டையும் உள்ள செயலி. இரண்டு நாள் திறக்காமல் இருப்பவர்களைத் திரும்ப வரவழைக்கத் தமிழில் நோட்டிபிகேஷன் எழுதுவது என் பணி. போன மாதம் இரவு 1 மணிக்கு அம்மாவின் அறையில் வெளிச்சம் தெரிந்தது. அவர் கைப்பேசியில் நான் எழுதிய வரி: ‘உங்களை யாரோ நினைக்கிறார்கள், வந்து பாருங்கள்.’ அப்பா தவறி ஓராண்டு ஆகிறது. நான் செய்வது தவறா? எல்லா நிறுவனமும் இதைத்தானே செய்கிறது என்கிறார் மேலாளர். என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது, பிடிபிடிஎன் கல்விக் கடனும் இருக்கிறது.
– பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த வரியில்தான் நின்றேன். யாரோ நினைக்கிறார்களாம். யார் நினைத்தது? இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்று ஒரு கணினி எண்ணிப் பார்த்தது, அவ்வளவுதான். துணையை இழந்தவரின் காதில் அது எப்படி விழும் என்று கணினிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தமிழில், வீட்டு மனிதர் பேசுவதுபோல வந்ததால்தான் அம்மா எழுந்து உட்கார்ந்தார். ஆகவே, ஆம், அந்த வரி தவறு.

கூப்பிடுவதே தவறு என்று சொல்லமாட்டேன். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடந்தால் பூக்காரர் ‘அக்கா, மல்லி வேணுமா’ என்று கூப்பிடத்தான் செய்வார். தலையை ஆட்டி மறுத்தால் அடுத்தவரைப் பார்ப்பார். இரவானால் கடையைச் சாத்துவார். நான் எந்த நாளில் சோர்ந்திருக்கிறேன் என்று குறித்து வைத்துக்கொண்டு, நடுராத்திரியில் தலைமாட்டில் வந்து நிற்கமாட்டார்.

முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் ‘அடுத்தது’ என்று அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில், போதும், படுக்கலாம் என்று மனசு சொல்லும். 2006இல் ஏசா ராஸ்கின் வடிவமைத்த முடிவில்லாத உருட்டல் அந்த நொடியை எடுத்துவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். அடுத்து என்ன வரும் என்று தெரியாதபோதுதான் விரல் நிற்பதில்லை. கெந்திங் மலைமேல் இருக்கும் சூதாட்ட இயந்திரத்தின் சூட்சுமமும் அதுதான். ஆனால் அங்கே போக மலை ஏற வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இது தலையணைக்கு அடியிலேயே கிடக்கிறது.

‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்ற உங்கள் மேலாளரின் பேச்சு எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. எல்லாரும் செய்வதால்தான் விஷயம் இந்த அளவுக்கு வந்திருக்கிறது. விளம்பரத்துக்கு விற்பது மனிதர்களின் நிமிடங்களை. ஒரு நாளில் இருப்பதோ 24 மணி நேரம். விழித்திருக்கும் நேரத்தை ஆளுக்கொரு பங்காகப் பிய்த்து முடித்துவிட்டால் மிச்சம் தூக்கம்தான். தூக்கத்தோடும் போட்டி போடுகிறோம் என்று நெட்பிளிக்ஸின் அன்றைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017இல் வெளிப்படையாகவே சொன்னார்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள். 8 மில்லியன் பயனர்களுக்குக் குறையாத சமூக ஊடகங்களுக்கு நம் நாட்டில் 2025 ஜனவரி 1 முதல் உரிமம் கட்டாயம். மோசடியையும் பகடிவதையையும் தடுக்க அது வேண்டியதுதான். ஆனால் இரவு 1 மணிக்கு ஒரு விதவைத் தாய்க்கு என்ன வரி போகும் என்பது உங்கள் விரல்நுனியில் இருக்கிறது.

நாளைக்கே வேலையை விடச் சொல்லமாட்டேன். நடக்காததை நடந்ததாகச் சொல்லும் வரியை இனி எழுதமாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லுங்கள். ‘இன்றிரவு 8 மணிக்குப் புதிய நேரலை’ என்று எழுதலாம், அது உண்மை. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை எதுவும் அனுப்ப வேண்டாம் என்றும் கேளுங்கள். எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அவர் கணக்குக் காட்டுவார். எத்தனை பேர் எரிச்சலில் நோட்டிபிகேஷனை அடைத்தார்கள், செயலியையே நீக்கினார்கள் என்ற கணக்கையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மறுத்தால், வேறு வேலை தேடத் தொடங்குங்கள். தமிழ் நன்றாக எழுதத் தெரிந்த பெண் நீங்கள், அந்த எழுத்துக்கு வேறு இடம் உண்டு.

அம்மாவிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். ஒரு நாள் பசியாறிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டிபிகேஷனை எப்படி அடைப்பது என்று காட்டுங்கள். அப்போதே அந்த வரியை எழுதியது யார் என்றும் சொல்லிவிடுங்கள். ‘அப்போ யாரும் நினைக்கலையா?’ என்று அவர் கேட்கக்கூடும். அன்றிரவு உங்கள் பாயை எடுத்துக்கொண்டு போய் அம்மா அறையிலேயே படுங்கள்.