‘நில்’ என்று எழுதிக் கொடுத்தேன்

அன்புள்ள அண்ணா,

பாலக்காட்டு எல்லையோரக் கல்லூரி ஒன்றில் தமிழ் கெஸ்ட் லெக்சரராக இருக்கிறேன். ஆண்டறிக்கைக்காக ‘ஆசிரியர், ஊழியர் சாதனைகள்’ என்று ஒரு கூகுள் ஃபார்ம் வந்தது. எத்தனை கட்டுரை, எத்தனை கருத்தரங்கு, புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் உண்டா, விருது உண்டா என்று கேட்டிருந்தார்கள். எல்லாக் கட்டத்திலும் ‘நில்’ (Nil, ஒன்றும் இல்லை) என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாள மீடியம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். ஜூனில் தமிழ் எழுத்துக்கூட்டியவர்கள் டிசம்பரில் செய்தித்தாள் வாசித்தார்கள். தென்னந்தோப்புகளுக்குப் போய்க் கள் இறக்குபவர்களிடம் கேட்டு 300 சொற்களுக்கு மேல் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். கள் இறக்குபவரைச் சொல்லும் ‘செத்துக்காரர்’ தமிழா மலையாளமா என்று வகுப்பில் பெரிய சண்டையே நடந்தது. எங்கள் லைப்ரரி அட்டெண்டர் அண்ணன், கறையான் ஏறிய தமிழ் அலமாரியை லீவு நாளில் வந்து காப்பாற்றினார். அவருக்கு ஃபார்மே வரவில்லை. இதெல்லாம் சாதனையில் சேராதா? இல்லை, எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேனா?

பெயர் வேண்டாம்,
ஒரு வாசகி, வேலந்தாவளம்

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த ‘நில்’. ஃபார்மைத் திறந்தவர் தமிழ்க்காரராக இருந்திருந்தால், இந்த அம்மா கட்டத்துக்குக் கட்டம் ஏன் நம்மை அதட்டுகிறார் என்று திகைத்திருப்பார்.

பட்டியலை நான் இளக்காரமாகப் பார்ப்பவன் இல்லை. நாலு வருஷம் உழைத்து நல்ல இதழில் ஒருவர் கட்டுரை போட்டால் கல்லூரி அதை ஊருக்குச் சொல்லத்தான் வேண்டும். பட்டியல் எதை எண்ணுகிறது என்பதில்தான் எனக்குச் சிக்கல். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறையில் ஆராய்ச்சி மதிப்பெண்ணுக்கு ஓர் அட்டவணை உண்டு. மொழிப் பாடக்காரர் அங்கீகரிக்கப்பட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினால் 10. ஒரு முழுப் புத்தகத்தை மொழிபெயர்த்தால் 8. மலையாளத்துக்கும் தமிழுக்கும் நடுவில் குடியிருக்கும் நமக்கு இதைவிட நையாண்டி வேண்டுமா? 500 பக்க நாவலோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டியவரை எட்டுப் பக்கக் கட்டுரைக்காரர் முந்திவிடுகிறார்.

கட்டுரைகளின் தலையை எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் அதற்கென்றே கடை திறக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகி, 2018 மே மாதம் யுஜிசி தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாகத் தூக்கியது. அப்புறம் ‘கேர்’ என்று வேறொரு பட்டியல். 2025இல் அதையும் கைவிட்டார்கள். நானே ஒரு கருத்தரங்குக்குப் போயிருக்கிறேன், ஊர் பேர் வேண்டாம். காலையில் கையெழுத்துப் போடும்போதே ‘சிறப்பாகக் கட்டுரை வாசித்தமைக்கு’ச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். பாதிப் பேர் மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் ஃபார்மை 1891இல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரித் தத்துவப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையிடம் நீட்டிப் பார்ப்போமா? ஆலப்புழையில் பிறந்த தமிழர். அந்த வருஷம்தான் ‘மனோன்மணீயம்’ வெளியிட்டார். தத்துவத் துறைக்காரர் தமிழில் நாடகம் எழுதினால் எந்தக் கட்டத்தில் போடுவது? வேணாட்டு மன்னர்களின் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து எழுதினார். அதுவும் துறை சாராதது. 1897இல் 42 வயதில் போய்ச் சேர்ந்தார். அந்த நாடகத்தின் வாழ்த்துப் பாடலைத் தமிழ்நாடு தமிழ்த்தாய் வாழ்த்தாக எடுத்துக்கொண்டது 1970இல். நடுவில் 79 வருஷம். எந்த ஆண்டறிக்கை அதுவரை காத்திருக்கும்?

அவராவது கண்ணுக்குத் தெரிகிற புத்தகம் எழுதியவர். உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானவர் வ.அய். சுப்பிரமணியம். நாகர்கோவில் வடசேரிக்காரர், கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். 1962இல் அவர் கொண்டுவந்தது புறநானூற்றுச் சொல்லடைவு. எந்தச் சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்பதை அகர வரிசையில் சொல்லும் நூல், அவ்வளவுதான். அதில் கருத்து கிடையாது, ‘புதிய பார்வை’ கிடையாது. கணினி இல்லாத நாளில் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து எழுதி, அடுக்கி, சரிபார்க்க வேண்டும். ஆய்வுக்கு வந்த மாணவர்களையும் ஆளுக்கொரு பழைய நூலைக் கொடுத்து இதே வேலையில் உட்காரவைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் குமாஸ்தா வேலை. ஆனால் ஒரு சொல் சங்க காலத்தில் எப்படி வழங்கியது என்று பிற்பாடு பேசியவர்கள் இந்த அடைவுகளைப் புரட்டிவிட்டுத்தான் பேசினார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், ஆந்திர எல்லையில் குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் வர முன்னின்றவர் என்ற பெருமைகள் பட்டியலில் சுலபமாக ஏறிவிடும். அடைவு ஏறாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகனும் அந்த ஜாதிதான். 1924இல் வெளிவரத் தொடங்கி, 1926இல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர் ஆகி, 1936இல் ஆறு தொகுதிகளாக முடிந்தபோது 1,04,405 சொற்கள். நடுவில் ஏதாவது ஒரு வருஷத்தில் போய் ‘இந்த ஆண்டு சாதனை?’ என்று கேட்டிருந்தால் ஒன்றிரண்டு எழுத்துகளைக் காட்டியிருப்பார்கள்.

உங்கள் அட்டெண்டர் அண்ணனை மறக்கவில்லை. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடி நூலகம் இருக்கிறது. ஓலையைத் தூசு தட்டி, புல்தைலம் தடவி, பூச்சி அண்டாமல் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் பதிப்பிக்க யாருக்கும் எதுவும் மிஞ்சாது. பதிப்பித்தவர் பெயர் அட்டையில் வரும். தைலம் தடவியவர் பெயர் முன்னுரையின் நன்றி வரியில் வந்தாலே அதிசயம். ஃபார்ம் வராவிட்டால் என்ன, அவர் காப்பாற்றிய புத்தகங்களின் பட்டியலை நீங்களே எழுதி, அவர் பெயரைப் போட்டு, கல்லூரி முதல்வர் மேஜையில் வையுங்கள். ‘இதர’ என்று ஒரு கட்டம் எல்லா ஃபார்மிலும் இருக்கும்.

சரி, உங்களைப் பாராட்டிவிட்டு மட்டும் போக எனக்கு மனமில்லை. பிள்ளைகள் வாசிக்கக் கற்றது அவர்களோடு வெளியே போய்விட்டது, அது பிழைத்துக்கொள்ளும். நோட்டு அப்படி இல்லை. உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டியேறிப் போகிறது. அதை இறக்குகிறவர்களின் சொற்கள் உங்கள் கைப்பைக்குள் கிடக்கின்றன. சுப்பிரமணியத்தின் அடைவும் பீரோவில் இருந்திருந்தால் இன்று அவரைப் பற்றி நான் எழுதியிருக்க மாட்டேன். அந்த அளவுக்கு நீங்கள் போட்ட ‘நில்’ நியாயமானதுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் சொன்னவரின் ஊர், வயது, வீட்டில் பேசும் மொழி, எந்தப் பேச்சின் நடுவில் சொன்னார் என்பதையும் குறித்திருக்கிறீர்களா? இல்லை என்றால் திரும்பப் போய்க் கேளுங்கள், சொன்னவர்கள் இருக்கும்போதே. கூட வந்த பிள்ளைகள் பெயரையும் சேர்த்து அச்சுக்குக் கொடுங்கள். பத்து மதிப்பெண் கிடைக்கும் இதழ்தான் வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

‘செத்துக்காரர்’ சண்டைக்கு என் பங்கு இது. தமிழிலும் செத்துதல் என்றால் செதுக்குதல், சீவுதல்தான். மலையாளத்தில் அதே சொல் பாளையைச் சீவிக் கள் இறக்குவதற்கும் ஆயிற்று. தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று. பாளையைத் தட்டிப் பதப்படுத்த எலும்புத் துண்டு ஒன்றை இடுப்பில் சொருகியிருப்பார்களே, அதற்கு வேலந்தாவளம் பக்கம் என்ன பேர் சொல்கிறார்கள்? நோட்டில் இருந்தால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.