பத்திரம் உங்கள் பீரோவில்தானே இருக்கிறது?

கேள்வி: மனந்திரும்புதல் முதலில் வருமா, விசுவாசம் முதலில் வருமா? எங்கள் சபையில் இதைப் பற்றிப் பெரிய விவாதம். விசுவாசித்தால் மட்டும் போதும் என்கிறார்கள் சிலர். நான் 2014இல் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீரோடு பாவங்களை அறிக்கையிட்டு இரட்சிக்கப்பட்டேன். அதற்கு முன், அப்பா உயில் எழுதாமல் காலமானபோது, அக்காவிடம், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வீட்டை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். என்ன பத்திரம் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. "பழையவைகள் ஒழிந்துபோயின" என்பதால் அதை இனிக் கிளற வேண்டியதில்லைதானே?
- ஒரு வாசகர்

பதில்: சகோதரரே, முதலில் கேட்டிருப்பது உங்கள் சபையின் கேள்வி. உங்களுடைய கேள்வி கடைசி வரியில் இருக்கிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அந்த வசனம் கிறிஸ்துவுக்குள் இருக்கிற மனுஷனைப் பற்றியது, பட்டா மாறுதலைப் பற்றியது அல்ல. ஒழிந்துபோயிற்று என்கிறீர்கள். வீடு அப்படியே நிற்கிறது, நீங்கள் அதில் குடியிருக்கிறீர்கள்.

கண்ணீரைப் பற்றிச் சொன்னீர்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் மனம் உடைந்தவன்தான். மத்தேயு 27ஐ எடுத்துப் பாருங்கள். "மனஸ்தாபப்பட்டு" முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவந்தான், பாவஞ்செய்தேன் என்று வாயால் அறிக்கையும் செய்தான். (இன்று மனஸ்தாபம் என்றால் சம்பந்தி வீட்டாரோடு வருவது, அந்தப் பழைய தமிழில் அது உள்ளம் வேகிற வருத்தம்.) கிரேக்க மூலத்திலும் அந்த இடத்தில் மனந்திரும்புதலைக் குறிக்கும் மெட்டனோயா என்கிற சொல் இல்லை, வேறு சொல்தான் இருக்கிறது. பணத்தை ஆசாரியரிடம் எறிந்தவன் ஆண்டவரிடம் போகவில்லை. இயேசுவை மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் அவன் திரும்பி வந்தான். விசுவாசம் என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான்: இவ்வளவு செய்த பிறகும் அவர் என்னைச் சேர்த்துக்கொள்வார் என்று நம்பிப் போவது. ஒரு கோட்பாட்டுக்குத் தலையாட்டுவது அல்ல. அதைப் பிசாசுகளும் செய்கின்றன என்று யாக்கோபு சொல்லிவிட்டார்.

இப்போது லூக்கா 19இல் வரும் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், சகேயுவுக்கு வாருங்கள், அவன் கதை உங்கள் கதைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அநியாயமாய் வாங்கியதைத் தானே ஒப்புக்கொண்டு கொடுப்பவன், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது லேவியராகமம் 6இல் உள்ள பிரமாணம். ஒரு ஆட்டுக்கு நாலு ஆடு என்பது திருடிக் கொன்றவனுக்கு அல்லது விற்றவனுக்கு யாத்திராகமம் 22 போட்ட தண்டனை. சகேயு தனக்கு லாபமான கணக்கைப் பார்க்கவில்லை. நாலத்தனை தருகிறேன் என்றான், ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்றான். யாரும் அவனிடம் கேட்காமலே!

இது கிரியையினால், அதாவது நம் செயல்களால், இரட்சிப்பு என்று ஆகாதா என்று உங்கள் சபையில் ஒருவர் எழுந்து கேட்பார். கேட்கட்டும். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொன்னது முதலில். சகேயு பணப்பையை அவிழ்த்தது அப்புறம். மன்னிப்புக்கு அவன் விலை கொடுக்கவில்லை. தன்னைத் தேடி ஒருவர் வந்துவிட்ட பிறகு பணத்தின் மேலிருந்த பிடி தானாகத் தளர்ந்தது. உங்களுக்கு அது தளரவில்லை என்றால், 2014இல் என்ன நடந்தது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். நடந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. பாதி வழியில் நிற்கிறது என்கிறேன்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாத சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. உங்கள் அக்கா கேட்கப்போவது தயவு அல்ல. ஒருவேளை அவர் கேட்காமலே இருக்கலாம், தம்பி என்று விட்டுவிட்டிருக்கலாம். அதனால் உங்கள் கடன் குறையாது.

நேரில் போங்கள். சாட்சி சொல்ல வேண்டாம், அழவும் வேண்டாம். அன்று வாங்கிய கையெழுத்து எதற்கு என்று முதலில் சொல்லுங்கள். வீட்டுக்கு இன்றைய மதிப்பைப் போட்டுப் பணமாகக் கொடுப்பதா, அவர் பங்கை செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். பதிவு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். மனந்திரும்புதல் முந்தியா, விசுவாசம் முந்தியா என்பதை அப்போது பேசலாம்.